பூட்டைச் சோதிப்பவன் திருடனா?

ஒரு வீட்டின் பூட்டு எளிதில் திறக்கக் கூடியதென்று கண்டவன் ஒருவன் அதை வீட்டுக்காரனிடம் வந்து சொல்லுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அவனுக்கு நன்றி கூறுவது முறையா? அன்றி, “இஃது உனக்கு எவ்வாறு தெரிந்தது?” என்று கேட்டு அவனையே பிடித்துக் கொடுப்பது முறையா? “களவும் கற்று மற” என்னும் பழமொழி நம்மவர் வாயில் நெடுநாளாக வழங்கி வருகிறது. ஆயினும், களவின் வழியைக் கற்று, களவு செய்யாது, அவ்வழியை ஊரறியச் சொல்லுகின்றவனை நாம் நடத்தும் விதமோ வேறாக இருக்கின்றது.

அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் கணிப்பொறிப் பாதுகாப்புப் பேராசிரியராக இருப்பவர் அலெக்ஸ் ஹால்டர்மன். பூட்டுக்களின் பலவீனத்தைக் காண்பதே அவர் தொழில். 2003ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை மாணவராயிருக்கையில், இசைத்தட்டை நகலெடுக்கவொட்டாமல் ஒரு கம்பெனி செய்திருந்த தடை, ‘ஷிப்ட்’ விசையை அழுத்திப் பிடித்த அளவில் பயனற்றுப் போகின்றதென எழுதினார். கம்பெனி வழக்குத் தொடுப்பதாக மிரட்டிப் பின்னர் கைவிட்டது. 2010ல் வாஷிங்டன் நகர அதிகாரிகள், இணையத்தின் வழி வாக்களிக்கும் முறையொன்றை அமைத்து, எவரும் வந்து உடைத்துப் பார்க்கலாமென அழைத்தனர். அவரும் அவர் மாணவரும் இரண்டு நாட்களுக்குள் உட்புகுந்து, சோதனை வாக்குகளை மாற்றிக் காட்டினர். இணையத்தின் வழி வாக்கைத் திருப்பியனுப்பும் ஏற்பாட்டை அந்நகரம் நிறுத்திக் கொண்டது.

அவ்வாண்டிலேயே இந்தியாவில் நடந்ததோ வேறு. ஹைதராபாத் பொறியியலாளர் ஹரி பிரசாத், ஹால்டர்மன், நெதர்லாந்து நாட்டு ராப் கோங்கிரிப் முதலியோர் இந்திய வாக்குப்பதிவு யந்திரம் ஒன்றைத் திறந்து ஆராய்ந்தனர். முடிவு காட்டும் பலகையை மாற்றி வைத்துப் பொய்யெண் காட்டச் செய்யலாம். பதிவான வாக்குகளையே ஒரு சிறு கருவியால் திருத்தலாம் என்று ஏப்ரல் மாதத்தில் வெளியிட்டனர். ஆகஸ்டில், அந்த யந்திரம் திருடப்பட்டதென்ற வழக்கில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டு மும்பாய்க்குக் கொண்டு செல்லப்பட்டார். ஒரு வாரஞ் சென்று ஜாமீனில் வெளிவந்தார். டிசம்பரில் டில்லி விமான நிலையத்தில் இறங்கிய ஹால்டர்மனும் கோங்கிரிப்பும் தடுத்து வைக்கப்பட்டு, பின்னரே உள்ளே விடப்பட்டனர்.

அந்த யந்திரத்தில் தமிழர் அறிவுக்கும் பங்குண்டு. ‘சுஜாதா’ என்னும் புனைபெயரால் நாம் அறிந்த எழுத்தாளர் ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராயிருந்து அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு கொண்டவர், 2008ல் காலமானார். யந்திரத்தில் குறை காண்பது அதைச் செய்தவரின் நாணயத்தைப் பழிப்பதாகாது. நாணயமான தச்சன் செய்த கதவுக்கும் தாழ்ப்பாள் வேண்டும்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். இத்தகையோர் திருடனுக்கு வழி கற்பிக்கின்றனர் என்பர் சிலர். திருடன் பாடங் கேட்கக் காத்திருப்பவன் அல்லன்; அறியாதிருப்பவன் வீட்டுக்காரனே. யந்திரம் நேர்வழியில் வந்ததா என்பர் வேறு சிலர். இது நியாயமான கேள்வி. அதைக் கொடுத்தவர் பெயரை ஹரி பிரசாத் வெளியிட மறுத்துவிட்டார். பொதுச் சொத்து கைமாறியதைப் புகழ்தற்கில்லை. ஆனால் திறந்து பார்த்தற்கு நேர்வழி ஒன்றும் விடப்படாதபோது, குற்றத்தின் ஒரு பாதி வழியை அடைத்தவரையுஞ் சேரும் என்பதே நம் துணிபு.

மூன்றாவது வாதம் வலியது. மக்களின் நம்பிக்கை கெடுகின்றது என்பது. இங்கேதான் அப்பேராசிரியரின் வாழ்க்கை நமக்குப் பாடமாகின்றது. பூட்டைத் திறக்கலாம் என்பது வேறு. வீடு கொள்ளை போயிற்று என்பது வேறு. 2020ல் அமெரிக்கத் தேர்தலில் தோற்ற கட்சியார் பலர், யந்திரங்களே மோசஞ் செய்தன என்று கூவினர். யந்திரங்களின் பலவீனத்தைப் பல்லாண்டு எடுத்துரைத்த ஹால்டர்மன், அவ்வமயம் அவர்களோடு சேர்ந்திருந்தால் பெரும் கூட்டம் அவரைத் தோளில் தூக்கியிருக்கும். அவரோ, மோசத்துக்குத் தக்க சான்றில்லை என்று அறிஞர் ஐம்பத்தொன்பதின்மரோடு ஒருவராய்க் கையொப்பமிட்டார். மிச்சிகனில் ஆன்ட்ரிம் என்னுமிடத்தில் எண்கள் புரண்டதையும் ஆராய்ந்து, அது மனிதர் கைத்தவறென 2021ல் அறிக்கை தந்தார். ஆள்வோர் முகஞ் சுளித்த போதும் உண்மை சொன்னார். கூட்டம் கைதட்டக் காத்திருந்த போதும் உண்மையே சொன்னார். பின்னது முன்னதினும் அரிது.

வாக்காளர் தம் வாக்கைக் காகிதத்திற் காணும் ஏற்பாடு இன்றியமையாதது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2019 பொதுத் தேர்தலில் அவ்வேற்பாடு எங்கும் வந்தது. காகிதச் சீட்டு முறைக்கே திரும்ப வேண்டுமென்ற கோரிக்கையை அந்நீதிமன்றமே 2024ல் மறுத்துவிட்டது. ஆகவே, கேள்வி கேட்டதனால் யந்திரம் ஒழிந்து போகவில்லை. அதற்கு ஒரு சாட்சி கிடைத்தது.

பேராக்கில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நாம் இன்றும் காகிதத்திலேயே வாக்களிக்கின்றோம். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியில் வென்று வந்த சாமிவேலு அவர்கள், 2008ல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் அவர்களிடம் 1,821 வாக்கில் தோற்றார். அத்துணைப் பெரிய மாற்றம் அமைதியாக நடந்ததற்குக் காரணங்களுள் ஒன்று, சீட்டுக்கள் இருதரப்பு ஏஜெண்டுகளின் கண்முன் எண்ணப்பட்டமையாகும். நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதால் வருவதன்று. கண்ணைத் திறந்து பார்க்க இடங்கொடுப்பதால் வருவது.

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம் இதை நாடோறும் காண்கிறோம். ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடங்கொடுத்துவிட்ட இந்நாளிலும், தராசு தராசாகவே இருக்கின்றது. “ஓர் எடைக்கல்லை வைத்துத் தராசைப் பாருங்கள், ஐயா” என்று ஒரு தொழிலாளி கேட்டால், அவன் கலகக்காரன் எனப்படுகிறான். சரியான தராசுக்கு எடைக்கல்லிடம் என்ன பயம்? மேலே உள்ளவர்களை மட்டும் குறை கூறி நாம் தப்ப முடியாது. நம் சங்கங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுபவனை, “இனத்துரோகி”, “குழப்பக்காரன்” என்று நாமே அழைக்கிறோம் அல்லவா? அவ்விதமே, கணக்கு சரியாயிருந்தது கண்ட பின்னும் “களவு போயிற்று” என்று கூவிக் கொண்டிருப்பவனும் நம்மிடையே உளன்.

கேட்பவனுக்கு இடங்கொடுத்தல் ஒரு கடமை. சான்றுக்கு மேல் ஓரெழுத்தும் கூட்டாமை மற்றொரு கடமை. முன்னது அதிகாரம் உடையோர்க்கு. பின்னது கேள்வி கேட்போர்க்கு. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து கணக்கைக் கேட்கும்போது, அவனை உட்காரச் சொல்லுமுன் நேயர்கள் இவ்விரண்டையும் நினைப்பார்களாக.