பிரேக் ஆயிலும் மூன்று அளவைகளும்

சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் அறிவின் வாயில்களாக ஏற்கிறது. மோட்டார் சைக்கிளின் பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றுபவர், வேலை முழுதாக முடிந்ததை இவற்றுள் எதனால் அறிகிறார்?

பிளீடர் திருகில் மாட்டிய குழாயில் பழுப்பு நிறம் மறைந்து தெளிந்த ஆயில் வருகிறது. இது காட்சி. உள்ளே இருப்பதெல்லாம் புதிது என்பது கருதல். பிழை நுழைவது இங்கேதான். ஏபிஎஸ் பெட்டியில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் சாதாரண வேளையில் மூடியே இருக்கும். அவற்றுக்கு அப்பால் தேங்கிய பழைய ஆயில் லீவரை எத்தனை முறை அழுத்தினாலும் வெளியேறாது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள வியாப்தி, அதாவது விலகாத தொடர்பு, குழாயின் தெளிவுக்கும் பெட்டியின் தூய்மைக்கும் இல்லை. நியாய மரபு இதை ஏதுப் போலி என்று தள்ளிவிடும்.

தேங்கியது வெறும் அழுக்கன்று. டாட் 4 ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அதன் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரம்பு புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய பின் 155.

மிஞ்சுவது உரை. அதுவும் ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், சொன்ன வாக்காக இருக்க வேண்டும். இங்கே அது தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேடு, தெருமுனை யோசனை அன்று. வால்வுகளை இயக்கும் ஸ்கேன் கருவியைக் கையேடு கேட்கும் வண்டியில், அது இல்லாமல் செய்தது பாதி வேலையே.