கறுப்பைத் தேடும் ஒளி

சாகுபுரத்து உப்பளங்களில் உப்பு வாரும் பெண்கள் முழுக்கைச் சட்டை மாட்டி, துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். மேலே வெயில், பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் வெயில். துண்டுக்குள்ளும் முகம் கறுத்துத்தான் போகிறது.

முடி நீக்கும் லேசரும் கறுப்பைத்தான் தேடுகிறது. முடியிலுள்ள மெலனின் ஒளியை வாங்கிச் சூடாகும். அந்தச் சூடு முடியை முளைக்கவைக்கும் வேர்க்காலைச் சுடும். சுற்றுத் தோல் தப்பிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் வகுத்த கணக்கு இது. நரைமுடியில் மெலனின் இல்லை. லேசர் அதைக் கண்டுகொள்ளாது.

ஆனால் நம் தோலிலும் மெலனின் உண்டே. 755 நானோமீட்டர் அலைநீள அலெக்ஸாண்டிரைட் லேசரின் ஒளியை மாநிறத்து மேல்தோலே வாங்கிக்கொண்டு வெந்துபோகலாம். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரின் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஒளி ஆழமாகவும் இறங்கும். வெயிலில் புதிதாகக் கறுத்த தோலில் எந்த லேசரும் ஆபத்துதான். அந்தக் கறுப்பைத் தடுக்கத்தான் சன்ஸ்கிரீன். சாகுபுரத்து ஆலையில் கருமணல் இல்மனைட்டைச் செயற்கை ரூட்டைலாக்குகிறார்கள். ரூட்டைலிலிருந்து வரும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் பல சன்ஸ்கிரீன்களின் வெள்ளை. உப்பளத்து முகங்களில் அந்த வெள்ளையை நான் பார்த்ததில்லை.

லேசர் பட்டதும் ரப்பர் பேண்டால் சுண்டினாற்போல் ஒரு சுரீர். கருகிய முடி வாடை. வேர்க்கால்களைச் சுற்றிச் சிவந்து, சில மணி நேரத்தில் தணியும். பிறகு ஓரிரு வாரம் முடி வளர்வதுபோலவே தெரியும். அது வளர்வதல்ல, உதிர்வதற்காக வெளியே வருவது. வளரும் பருவத்து முடி மட்டுமே ஒளியில் சிக்கும். உறங்குகிற முடிக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் 4 முதல் 8 வார இடைவெளியில், பெரும்பாலும் 6 தடவைக்கு மேல். இடையில் ஷேவ் செய்யலாம். திரெடிங், வேக்ஸிங் கூடாது. முடி வேரோடு போய்விட்டால் ஒளிக்குப் பிடிமானம் ஏது?

'நிரந்தரமாக நீக்குகிறோம்' என்ற போர்டை நம்பவேண்டாம். நிரந்தரமாகக் குறையும், அவ்வளவுதான். சினைப்பை நீர்க்கட்டியால் தாடையில் முளைக்கிற முடி, ஹார்மோனைக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும்.

உப்பளத்துக்கு ஓய்வு மழைக்காலத்தில். லேசரைத் தொடங்க வெயில் தணிந்த அந்த மாதங்களே நல்லவை. கூலி இல்லாத மாதங்களும் அவைதான். அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் அடுப்புக்கே போதாது. இருந்தாலும் போகிறவர்கள் தோல் மருத்துவரிடமே போங்கள். நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் மெஷின் 1064தானா என்று கேட்டுவிடுங்கள்.