தூரத்துக் கொடை: ஜிப்ரானை முன்வைத்து

கலீல் ஜிப்ரானைத் தமிழில் ஒரு மலையுச்சியில் உட்கார்த்தி வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி, வாழ்த்து அட்டையில் ஒரு வரி, கல்லூரி ஆண்டு மலரில் ஒரு வரி என்று உதிரியாக அவர் நம்மிடையே புழங்குகிறார். இதில் அவருக்கும் பொறுப்பு உண்டு. பிய்த்தெடுக்க வசதியாகத்தான் எழுதினார். அவருடைய இலக்கியத் தரம் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. என் அக்கறை வேறு. 'தீர்க்கதரிசி' 1923ல் வெளிவந்தது. அதில் கொடையைப் பற்றி ஓர் அத்தியாயம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1916ல், இதே மனிதர் நியூயார்க்கில் ஒரு நிவாரணக் கமிட்டியின் செயலாளராக இருந்து, சொந்த மலையில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களுக்காகப் பணம் வசூலித்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நன்கொடைக் கமிட்டியின் செயலாளர் என்றால் என்ன வேலை என்று நமக்குத் தெரியும். கடிதம் எழுதவேண்டும், வாக்களித்துவிட்டுத் தராதவர்களுக்கு ஞாபகப்படுத்தவேண்டும், வந்த தொகைக்குக் கணக்குச் சொல்லவேண்டும். அவருடைய தகப்பனார் ஊர் வரிவசூல் கணக்கில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குப் போனவர். மகன் கணக்கு எழுத உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

'தீர்க்கதரிசி'யின் அந்த அத்தியாயத்தில் கமிட்டி கிடையாது, பெயர்ப்பட்டியல் கிடையாது. வாங்குகிறவனின் தகுதியைக் கொடுப்பவன் எடைபோடக்கூடாது என்பது அதன் சாரம். உயர்ந்த விஷயம்தான். ஆனால் பட்டினி மூவாயிரம் மைலுக்கும் அப்பால் இருக்கும்போது இந்த உயர்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது தெரிந்த ஒருவர் அதை எழுதியிருக்கிறார், தெரிந்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

லெபனான் மலை அப்போது ஆட்டோமன் ஆட்சிக்குள் இருந்தது. மாரோனைட் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் ட்ரூஸ்களும் முஸ்லிம்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே தானியம் விளைந்த நிலம் மல்பெரித் தோட்டமாக மாறியது. பட்டு நூல் பிரான்ஸின் லியோன் நகரத்துக்குப் போயிற்று. பட்டின் விலை சரிந்தபோது ஜனங்கள் கப்பலேறினார்கள். நியூயார்க், பிரேஸில், அர்ஜென்டினா. ஜிப்ரானின் தாய் குழந்தைகளோடு பிஷாரி என்ற ஊரிலிருந்து 1895ல் பாஸ்டனுக்குப் போனதும் இந்த அலையில்தான். போனவர்கள் பணம் அனுப்பினார்கள். மலைக் கிராமங்களில் சிவப்பு ஓடு வேய்ந்த வீடுகள் எழும்பின. சாப்பாட்டுக்கு வேண்டிய தானியம் வெளியிலிருந்து வந்தது. அதை வாங்கப் பட்டும் அமெரிக்கப் பணமும் இருந்தன. 1914ல் யுத்தம் வந்தவுடன் இந்த ஏற்பாடு முழுசாக அறுந்தது. பிரிட்டிஷ்-பிரெஞ்சுக் கப்பல்கள் கடற்கரையை அடைத்தன. 1915 வசந்தத்தில் வெட்டுக்கிளி வந்தது. ஜமால் பாஷாவின் ராணுவம் தானியத்தையும் வண்டிமாடுகளையும் எடுத்துக்கொண்டது. உள்ளூர் வியாபாரிகள் மூட்டைகளைப் பதுக்கினார்கள். அரசாங்கம் காகிதப் பணத்தை வலுக்கட்டாயமாகப் புழக்கத்தில் விட்டது. அதைக் கொண்டுபோனவனுக்குக் கடைக்காரன் கோதுமை தர யோசித்தான். யுத்தம் முடிவதற்குள் அந்த மலையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோனார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

தூரத்தில் வயிறாரச் சாப்பிடுகிறவனுக்கு இது என்ன செய்யும்? ஜிப்ரான் அந்தப் பஞ்சத்தின்போது, இறந்த தன் மக்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதில் துக்கத்தைவிடக் கூச்சம் அதிகம் - தான் அங்கே இல்லை, அவர்களோடு சாகவில்லை என்ற கூச்சம். அவர் எழுதியவற்றில் நான் முழுக்க நம்புகிற ஒன்றிரண்டில் அது சேர்த்தி. 1916 ஜூனில் சிரியா-லெபனான் மலை நிவாரணக் கமிட்டி உருவாயிற்று. எழுத்தாளர் அமீன் ரிஹானியும் அதில் இருந்தார். அந்த வருஷ டிசம்பரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் மற்ற நிவாரணச் சங்கங்களும் சேர்ந்து 'சீஸர்' என்ற கப்பலில் உணவும் துணியும் அனுப்பின. கிறிஸ்துமஸ் கப்பல் என்று அதற்குப் பெயர். அது அலெக்சாந்திரியா வரைதான் போயிற்று. பெய்ரூட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை.

யாருக்காக வசூல் என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நியூயார்க்கில் வாஷிங்டன் தெருவைச் சுற்றி வாழ்ந்த அந்தச் சமூகம் பத்திரிகை வாசிப்பதில்கூடச் சபைவாரியாகப் பிரிந்திருந்தது. 'அல்-ஹுதா' மாரோனைட்டுகளுக்கு, 'மிராத் அல்-கர்ப்' ஆர்த்தடாக்ஸுக்கு, 'அல்-பயான்' ட்ரூஸ்களுக்கு. ஒரு தரப்பின் கமிட்டியை இன்னொரு தரப்பு நம்பவில்லை. கமிட்டியின் பெயரில் ஒரு நாடே இருந்தது. பணம் கொடுத்தவன் மனதில் அவனுடைய ஊரும் அவனுடைய கோவிலும் இருந்தன.

இங்கே நம் நண்பர்கள் சுலபமாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பசிக்கு மதம் ஏது, கிறிஸ்தவக் குடும்பத்துக்கு மட்டும் என்று வசூலிப்பது தார்மீகக் குறை என்பார்கள். வடலூரைக் காட்டுவார்கள். வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு, வந்தவன் யார் என்று கேட்கவில்லை. நியாயம். ஆனால் வடலூர் அடுப்புக்கு ஒரு வசதி உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். பசித்தவன் அங்கே நேரில் வந்து நிற்கிறான். முகத்தைப் பார்த்தாலே போதும், பட்டியல் தேவையில்லை. நியூயார்க்கில் இருப்பவனுக்கு எந்த முகமும் தெரியாது. அவனிடம் இருப்பது ஒரு விலாசம். அதுவும் யுத்த காலத்தில், தபால் நின்றுபோன காலத்தில், அவன் நம்பக்கூடிய விலாசம் ஒன்றே ஒன்று: ஊர்ப் பாதிரியார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிகிற வீடுகள் அவர் சபையின் வீடுகள். தூரத்துக் கொடைக்குள் மதம் புகுவது வெறுப்பின் வழியாக அல்ல, விலாசத்தின் வழியாக என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு அர்வாத் ஒரு சாட்சி. சிரியக் கரைக்கு எதிரே உள்ள சின்னத் தீவு. 1915ல் பிரெஞ்சுக் கடற்படை பிடித்துவைத்திருந்தது. புலம்பெயர்ந்தவர்கள் திரட்டிய பணம் தங்கக் காசாக அந்தத் தீவுக்கு வந்தது. அங்கிருந்து ராத்திரியில் நீந்தத் தெரிந்தவர்கள் அதைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கரையில் பூலுஸ் அக்ல் என்ற மாரோனைட் பாதிரியார் வாங்கி மடங்களுக்கும் கிராமங்களுக்கும் சேர்த்தார். பிடிபட்டால் தூக்கு. மாரோனைட் சபைத் தலைவர் எலியாஸ் ஹொயெக், சபையின் சொத்துகளையே ஈடாக வைத்துப் பிரான்ஸிடம் கடன் வாங்கினார். வங்கியில் உட்கார்ந்து பணவரவுச் சீட்டுகளைச் சரிபார்க்கிற எனக்கு, இடுப்பில் தங்கத்தைக் கட்டிக்கொண்டு இருட்டில் நீந்துகிறவனைப் போல நேர்மையான ஒரு பணவரவு முறை வேறு இருந்ததாகத் தெரியவில்லை. அவனிடம் போய், இதை எல்லா மதத்தினருக்கும் சமமாகப் பங்கிடுவாயா என்று கேட்பது அசட்டுத்தனம்.

ஆனால் அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. விலாசமாக இருந்தது காலப்போக்கில் நிபந்தனையாகிவிடுகிறது. லெபனானுக்குக் கிழக்கே இராக்கில், நூறு வருஷம் கழித்து, இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2014 ஆகஸ்ட் 3ல் சின்ஜாரிலிருந்து யஜீதிகள் ஓடினார்கள். ஆகஸ்ட் 6 இரவு கரகோஷ் என்ற கிறிஸ்தவ ஊர் காலியாயிற்று. ஓடவைத்த கை ஒன்று. இடையில் மூன்று நாள். கிறிஸ்தவர்கள் எர்பில் அருகே அன்காவாவின் மாதாகோவில் வளாகங்களில் ஒதுங்கினார்கள். யஜீதிகளில் பலர் தஹூக் பக்கம் கட்டிமுடிக்காத கட்டிடங்களில் தங்கினார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட்டைச் சுற்றி, மோசூலுக்குப் பக்கத்து டெல்கேஃப் கிராமத்திலிருந்து போன கல்தேயக் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். கார்த் தொழிற்சாலைக் கூலியில் தொடங்கி மளிகைக்கடைகளில் நிலைத்தவர்கள். அகதிக் குடும்பம் ஒன்றை ஒரு குடும்பம் பொறுப்பேற்று மாதாமாதம் பணம் அனுப்பும் ஏற்பாடு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. இதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. கைவிடப்பட்டவர்களை அவர்களாவது பார்த்தார்கள். இருந்தாலும் ஒன்றை மறைக்கமுடியாது. மளிகைக்கடை வைத்த உறவினன் டெட்ராய்ட்டில் இல்லாததுதான் அந்த யஜீதித் தாய் செய்த தவறு.

வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் எதற்காக என்று எங்கள் சீட்டில் குறிக்கவேண்டும். அதற்கு ரிசர்வ் வங்கி வகுத்த குறியீடுகள் உண்டு. குடும்பப் பராமரிப்பு ஒன்று; தனிப்பட்ட அன்பளிப்பு ஒன்று; மத, தர்ம ஸ்தாபனங்களுக்கு நன்கொடை இன்னொன்று. சீட்டை வடிவமைத்தவர் தத்துவவாதி அல்ல என்றாலும் பிரிவினை சரியானது. குடும்பத்துக்கு அனுப்புவதை யாரும் தர்மம் என்று சொல்லிக்கொள்வதில்லை; அதற்கு நன்றியும் எதிர்பார்ப்பதில்லை. தர்மத்துக்குக் கொடுப்பவன் கொடுக்காமல் இருந்திருக்கவும் முடியும். அதுதான் அதன் பெருமை. புலம்பெயர்ந்தவன் தன் ஊரின் முகம் தெரியாத குடும்பத்துக்கு அனுப்புகிற பணம் இந்த இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. அந்தக் குடும்பம் அவனுக்கு உறவில்லை. ஆனால் கொடுக்காமல் இருக்கவும் அவனால் முடியாது. தானும் போகாமல் இருந்திருந்தால் அந்த வரிசையில் நின்றிருப்போம் என்பது அவனுக்குத் தெரியும். அங்கேயே நின்றவர்கள் காத்துவைத்த மொழியும் கோவில்மணியும் பெயரும்தான் அயலூரில் அவனை இன்னாரென்று காட்டிக்கொண்டிருக்கின்றன. இதைக் கடன் என்றுதான் சொல்லவேண்டும்.

கடன் என்ற சொல்லை நான் புதிதாகக் கொண்டுவரவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் பணம் திரட்டிய பவுல், ரோமருக்கு எழுதும்போது அதைக் கடனாகத்தான் பார்க்கிறார். வாரத்தின் முதல்நாள் ஆளாளுக்கு ஒதுக்கிவைக்கச் சொல்கிறார். தன்மேல் பழி வராமலிருக்கப் பணத்தோடு வேறு ஆட்களையும் அனுப்புகிறார். ஒரு நல்ல குமாஸ்தாவின் ஜாக்கிரதை. என்னைக் கவர்ந்தது அதுகூட இல்லை. எருசலேமில் இருப்பவர்கள் இந்தப் பணத்தை ஏற்றுக்கொள்வார்களா என்று அவர் பயப்படுகிறார். நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்களில் இந்தப் பயம் வேறு யாருக்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லக்கூடும், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு என்ற பிரக்ஞை அது. இன்னொன்றும் உண்டு: கொடுத்தவர்களில் பெரும்பாலோர் யூதர்களே அல்ல. இந்த வகை வசூலின் ஆதி உதாரணம் 'நம்மவர்' என்ற வேலியைத் தாண்டியதாக இருக்கிறது. பின்னால் வந்த கமிட்டிகள் இதை வசதியாக மறந்துவிட்டன.

கடன் என்று ஒப்புக்கொண்டால் சில காரியங்கள் செய்யமுடியாமல் போகும். ஏழைக் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி, கையில் மாவுப் பையைக் கொடுத்து எடுக்கிற புகைப்படம் அதில் முதலாவது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று கடனாளி விசாரிக்கலாம், விசாரிக்கத்தான் வேண்டும். கடன் கொடுத்தவனைப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுகிற கடனாளியை நான் பார்த்ததில்லை.

ஜிப்ரானுக்கு வாங்குவதைப் பற்றியும் தெரியும். மேரி ஹாஸ்கல் என்ற பாஸ்டன் பள்ளித் தலைமையாசிரியை மாதம் 75 டாலர் கொடுத்து அவரைப் பாரிஸில் படிக்கவைத்தார். அந்த அத்தியாயத்தின் நல்ல பகுதி வாங்குகிறவர்களிடம் பேசுவதுதான் என்பதற்கு இது காரணமாக இருக்கலாம். அவர் 1931 ஏப்ரல் 10ல் இறந்தார். உயிலில் பிஷாரிக்கு இரண்டு விஷயம் விட்டுப்போனார். ஒன்று, நியூயார்க் சேமிப்பு வங்கி ஒன்றின் இரண்டு பாஸ் புத்தகங்கள். அந்தப் பணத்தைத் தங்கை ஊருக்குக் கொண்டுபோய்த் தர்ம காரியங்களில் செலவிடவேண்டும். இன்னொன்று, எல்லாப் புத்தகங்களின் ராயல்டியும் ஊருக்கு. முதலாவதற்கு ஒரு ஆள் இருந்தது, விலாசம் இருந்தது. இரண்டாவதற்கு ஊர் என்ற ஒரு சொல் மட்டும். தகுதி பார்க்காத கொடை. 'தீர்க்கதரிசி' சொல்கிற கொடை.

'தீர்க்கதரிசி' லட்சக்கணக்கில் விற்றது. பணம் வரவர ஊர் இரண்டுபட்டது. எந்தக் குடும்பத்தின் ஆட்கள் கமிட்டியில் உட்காருவது என்று சண்டை, வழக்கு, வக்கீல் கூலி. கடைசியில் லெபனான் அரசாங்கம் தலையிடவேண்டி வந்தது. பஞ்ச காலத்தில் ராத்திரியில் நீந்தி வந்த காசுக்கு இப்படி ஒரு சண்டை நடந்ததாகத் தகவல் இல்லை.

'தீர்க்கதரிசி'யின் அமெரிக்கப் பதிப்புரிமை 2019 ஜனவரி 1ல் காலாவதியாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் லெபனான் வங்கிகள் கதவைச் சாத்தின. திறந்தபோது டாலர் கணக்கு வைத்திருந்தவர்களால் தங்கள் டாலரை எடுக்கமுடியவில்லை. நல்ல வட்டி என்று ஊர் வங்கியில் சேமித்த புலம்பெயர்ந்தவர்களின் பணமும் அதில் அகப்பட்டது. லிரா மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இழந்தது. அதன் பிறகு அங்கே டாலரில் இரண்டு ஜாதி: வங்கியில் மாட்டிக்கொண்ட பழைய டாலர், வெளிநாட்டிலிருந்து அன்றைக்கு வந்த புது டாலர். புது டாலர் அனுப்ப ஆள் இருந்த வீடு சாப்பிட்டது. 2021ல் ஊருக்குத் திரும்பியவர்கள் பெட்டியில் துணிக்குப் பதிலாக மருந்து கொண்டுபோனார்கள், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும், யார் யாருக்கு எது என்று துண்டுச்சீட்டில் பெயர் எழுதி.