பறவையின் வீடு

மகளின் இ.வி.எஸ். ஒர்க்‌ஷீட்டில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டாம் வகுப்பு. இடப்பக்கம் விலங்குகள், வலப்பக்கம் அவற்றின் வீடுகள், கோடு போட்டு இணைக்க வேண்டும். சிங்கம் குகை, முயல் வளை, எல்லாம் சரி. (சிங்கம் குகையில் குடித்தனம் நடத்துவதில்லை, அது வேறு கதை.) பறவையை மட்டும் மரத்துக் கூட்டோடு சேர்க்காமல், மீனுக்காக வரைந்திருந்த குளத்தோடு சேர்த்திருக்கிறாள்.

"ஏன்மா இப்படிப் போட்ட?"

"ரேடியல் ரோட்ல போகும்போது பாப்போமேப்பா. அது தண்ணிலதானே நிக்கும்."

அவள் சொல்வது பள்ளிக்கரணையில் நிற்கும் நெடுங்கால் உள்ளானை. கறுப்பு இறக்கை, ரோஜா நிறத்தில் குச்சிக் கால்கள். யோசித்துப் பார்த்தால் அவள் போட்ட கோடுதான் சரி. பெரும்பாலான பறவைகளுக்குக் கூடு என்பது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கும் காலத்துக்கு மட்டும்தான். நெடுங்கால் உள்ளானோ மரத்தில் கூடே கட்டாது, தண்ணீர் ஓரமாகத் தரையில் முட்டையிடும். பிரசவ வார்டைக் காட்டி இதுதான் உன் வீடு என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

அடுத்த பக்கத்தில் அடிப்படைத் தேவைகள்: உணவு, நீர், காற்று, உறைவிடம். நான்கு கட்டங்கள், நான்கிலும் டிக். ஒரு கிளையன்ட் இப்படி ரெக்வயர்மென்ட் அனுப்பினால் நான் அழைத்துத் திட்டுவேன். நீர் என்றால் எவ்வளவு நீர்? அந்தப் பறவைக்குத் தன் கால் தரையைத் தொடும் ஆழம்தான் வேண்டும். அந்த ஆழத்தில்தான் அது பூச்சி பொறுக்கித் தின்னும். நீர்நிலையை முழுக்கத் தூர்வாரி ஆழப்படுத்தினால் நமக்கு நிறைய தண்ணீர் சேரும், அதற்கு நிற்க இடம் போய்விடும். 'நீர்' கட்டத்தில் டிக் அப்படியே இருக்கும்.

ஏழு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் வீடு என்றால் சுவரும் கூரையும் என்று படித்து வளர்ந்தவர்கள்தானே சதுப்பு நிலத்தைப் பார்த்து அங்கே யாரும் குடியில்லை என்று முடிவு செய்தார்கள்? அப்படிப்பட்ட நிலத்துக்கு ஆவணத்தில் தரிசு, புறம்போக்கு என்று பெயர். புறம்போக்கு நம்மூரில் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது என்பார்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மீதி இடத்தில் சாலை, குப்பைமேடு, ஐ.டி. கம்பெனிகள், குடியிருப்புகள். அதில் ஒன்றுக்கு நான் இன்னும் பதினான்கு வருஷம் இ.எம்.ஐ. கட்ட வேண்டும்.

இதை அவளிடம் சொல்லலாமா? அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1996-இல் எழுதிய ஒரு நூலில், சின்னப் பிள்ளைகள் மீது இயற்கையின் அழிவுக் கதைகளை ஏற்றாதீர்கள், நான்காம் வகுப்பு வரையாவது பொறுங்கள் என்கிறார். முதலில் பிரியம் வரட்டும், இல்லாவிட்டால் பயம்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். எனக்கும் அதில் பாதிக்கு மேல் சம்மதம். ஆனால் அவருடைய கவலை, எங்கோ தொலைவில் உள்ள மழைக்காடு அழிவதை வகுப்பறையில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைகளைப் பற்றியது. இங்கே 2023 டிசம்பர் புயலில் எங்கள் பார்க்கிங் முழுக்கத் தண்ணீர். என் தோளில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அழிவுக் கதையைச் சொல்லாமல் ஒத்திப்போட எனக்கு வாய்ப்பே தரப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் சொல்வதா, மழை ஜாஸ்தி என்று மழுப்புவதா என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது. அன்றைக்கு மழுப்பினேன்.

இந்த முறை சொன்னேன். "அந்தப் பறவை முன்னாடி இங்கயும் நின்னுருக்கும்."

"இங்கன்னா? பார்க்கிங்லயா?"

"ம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பயந்துவிட்டாளோ என்று எனக்குத்தான் பயம்.

"வீடு வாங்கும்போது உனக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை. பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து மூன்று முறை சரிபார்த்தேன். வில்லங்கச் சான்றிதழில் பறவைகளின் பெயர் இருக்காது.

"நான் கேக்கலடா," என்றேன்.

அவள் ஒர்க்‌ஷீட்டை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கோட்டை அழித்துக் கூட்டுக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், மிஸ்ஸிடம் நான் பேசுகிறேன் என்றேன். என்ன பேசுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.