பிடித்ததும் விட்டதும்

பிடித்த மீனை மீண்டும் கடலில் விடுவது இரக்கம்தானா என்ற கேள்வி கடந்த பெப்ரவரி வரை என்னைத் தொட்டதில்லை.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளையும் பத்தலங்குண்டில் கழிப்பதென்று முடிவாயிற்று. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடக்கே கிடக்கும் ஒடுங்கிய மணல் தீவு அது. வாடி அமைத்துத் தங்கும் மீனவக் குடும்பங்களே அங்கு அதிகம். சோளகம் எழுந்துவிட்டால் அந்தக் கடல் பொல்லாதது. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அமைதி. என் வகுப்பு மாணவன் ஒருவனின் வாப்பாவுடைய வள்ளத்தை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

ஏறும்போது பார்த்தால், அணியத்தில் இரைவாளியோடு அந்த மாணவன் உட்கார்ந்திருக்கிறான். முதல்நாள் வெள்ளிக்கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. முந்திய வாரமும் ஒருநாள் வராமல், கடலுக்குப் போனதாகச் சொன்னபோது, வகுப்பின் முன்னால் நிறுத்தி, "மீன் பிடிக்கிறதுக்கா உன்னப் பெத்தாங்க?" என்று கேட்டவன் நான். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அவன் எனக்குத் தூண்டிலில் இரை கோத்துத் தந்தான்.

மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடிப் பாறைக்கு அருகில் நங்கூரமிட்டோம். விளைமீன், கலவாய், பாரை என்று ஏறிக்கொண்டே இருந்தன. நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடும் அந்தக் கணத்தின் கிளர்ச்சியை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நான் ஒரு சிறுவனைப் போலக் கத்தினேன்.

நண்பகலுக்குள் பெட்டி நிறைந்துவிட்டது. எங்கள் ஐவருக்கும் வள்ளக்காரருக்கும் நான்கு வேளைக்குப் போதும். ஆனால் நிறுத்த ஒருவருக்கும் மனமில்லை. எங்களில் இளையவர் ஒரு யோசனை சொன்னார்: "இனிப் பிடிக்கிறத விட்டுடுவம். பொழுதும் போகும், பாவமுமில்ல." எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று.

நான் விட்ட முதலாவது கலவாய் வயிறு மேலாக மிதந்தது. அதன் வாய்க்குள்ளிருந்து இரைப்பை பிதுங்கி நின்றது. கையால் அமுக்கிப் பார்த்தேன். மீண்டும் மேலே வந்தது. "ஆழத்துலருந்து ஏத்தினா உள்ளுக்குக் காத்து ஊதிடும் சேர். இனி அது கீழ போகாது" என்றான் பையன். அமுக்கம் குறையக் குறைய வாயு விரியும் என்ற பாடத்தை அவனுக்கு நடத்தியவன் நான். கடற்காகம் ஒன்று வந்து கொத்தியது.

மீனுக்கு நோவு தெரியாது என்று நண்பர் சமாதானம் சொன்னார். அதை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. 2003 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் ட்ரவுட் மீனின் தலையிலும் வாயிலும் ஊறு உணரும் நரம்பு முனைகளைக் கண்டார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் இரை எடுக்காமல், உதட்டைக் கூழாங்கற்களில் உரசின. அது நாம் உணரும் நோவுதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் சுவிற்சர்லாந்து, திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. கொன்று உண்பவனை விட்டுவிட்டு, விடுகிறவனைச் சட்டம் தடுப்பது முதலில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. மிதந்த கலவாயைப் பார்த்த பிறகு அப்படிப் படவில்லை.

சனிக்கிழமைக் கட்டளையை மீறிய கடலோர ஊராரின் வரலாற்றைக் குர்ஆன் மத்ரஸாவில் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். வெள்ளியன்றே வலையை விரித்து, ஞாயிறன்று அள்ளிக்கொண்டு, சனியன்று நாங்கள் பிடிக்கவில்லையே என்றார்களாம் என்று விரிவுரைகளில் வரும். அது ஹீலா. 'பிடித்தோம், ஆனால் கொல்லவில்லை' என்ற எங்கள் பேச்சும் அதற்குத் தம்பிதான். இன்பத்தை வைத்துக்கொண்டோம், செயலை மட்டும் கடலில் விட்டுவிட்டோம்.

பசிக்குக் கொன்றாலும் விளையாட்டுக்குக் கொன்றாலும் மீனுக்கு ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றுதான். வேறுபாடு நம் பக்கத்தில் இருக்கிறது. பசிக்குப் பிடிப்பவனின் கை ஓரிடத்தில் நிற்கும். எங்கள் பெட்டி நிறைந்த பிறகும் கை நிற்கவில்லை. விற்பனைக்குப் பிடிப்பவனின் கையும் நிற்பதில்லையே என்று நண்பர் மடக்கினார். அது உண்மை, இழுவை மடியை இங்கு 2017 இல் சட்டம் கொண்டு தடுக்க வேண்டிவந்தது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆயினும் அவனுக்குக் கடனும் பிள்ளைகளும் உண்டு. எனக்கு மாதச் சம்பளமும் இரண்டு நாள் விடுமுறையும் உண்டு.

அன்றிரவு வாடியில் நாங்கள் உண்டு படுத்துவிட்டோம். வாப்பாவும் மகனும் விளக்கு வெளிச்சத்தில் எஞ்சிய மீனைக் கீறி உப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பொழுதுபோக்கு வீணாகாமல் போனது அவர்களுடைய உறக்கத்தால்தான். எழுந்து சென்று, "நானா, விடுங்க, காலையில பார்ப்பம்" என்றேன்.

"காலையில பழுதாகிடும் சேர்." பிறகு, மகனைக் காட்டி, "இவனத்தான் பாவம், ரெண்டு நாளா நித்திரையில்ல. நேத்து முழுக்க உங்களுக்கு இரைக்குக் கணவாய் பிடிக்க என்னோட வந்தான்" என்றார்.

பையன் தலை நிமிரவில்லை. நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குக் கீறத் தெரியவில்லை; இரண்டு மீனைக் கெடுத்த பிறகு, அவன் என் கையிலிருந்ததை வாங்கிக் கீறிக் காட்டினான்.

திங்கட்கிழமை இடாப்பைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில், அவன் பெயருக்கு நேரே, நான் போட்ட குறி இருந்தது. பெயரைக் கூப்பிட்டேன். "வந்திருக்கேன் சேர்" என்றான்.