மீசையில் எழுதிய சங்கீதம்

ஆக்ஸ்போர்டு நகரத்துச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், 1649-ஆம் ஆண்டு சிரச்சேதம் செய்யப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னனின் சித்திரம் ஒன்று உண்டு. எட்ட நின்று நோக்குவார்க்கு முகமாகவும் கிட்ட நெருங்குவார்க்கு எழுத்தாகவும் தோன்றும் அதன் ரேகைகளிலும் கேசத்திலும், தாவீது அரசன் பாடியனவாக மரபு கூறும் சங்கீதங்கள் பொடியெழுத்தில் அடங்கியுள்ளன என்பது பழைய பிரசித்தி. ஒரு பக்கத்து மீசையைப் படித்து மறுபக்கத்தைத் தொடங்கியபின், உடன்வந்தோர் பொறுமையிழந்தமையால் மேலே செல்ல இயலாமற்போனதாக ஜோசப் அடிசன் 1711-இல் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் பரிகாசமாய் எழுதினார்.

பரிகாசம் கிடக்கட்டும். கோயில்களினின்று விக்கிரகங்களை அகற்றி வேதவாக்கையே பிரமாணமாக்கிய கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்தின் வழிவந்தோர், அவ்வாக்கையே கோடாக்கி ஒரு மனிதனின் உருவத்தைச் சமைத்தபோது, பக்தி சென்றடைந்தது சொல்லையா, முகத்தையா? சொல்லைப் படிக்கையில் முகம் மறைகிறது; முகத்தைக் காண்கையிலோ சொல் வெறும் நிழற்கோடாகிவிடுகிறது. வாய்விட்டுப் பாடுதற்கென்று பிறந்த பாட்டைத் தாடிமயிராகச் சுருக்குவது, என் எண்ணத்தில், பாட்டுக்கு இழைத்த அநீதியே. ஆயினும் சத்துருக்கள் சூழ்ந்த வேளையில் தெய்வத்தை விளித்துக் கதறிய ஓர் அரசனின் சொற்கள், கொலைமேடை ஏறிய மற்றோர் அரசனின் முகத்திற்கு அந்நியமானவை என்று சொல்லவும் நா எழவில்லை.