இது ஏன் இதற்குப் பின்?

தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரை என்றதும் பிள்ளைகளின் கை தானாக ஓடும். நடுவில் தலைப்பு, அதற்கு அடிக்கோடு. இடப்பக்கம் 'முன்னுரை', அதன்கீழ் நாலைந்து வரி. பிறகு துணைத்தலைப்புகள். கடைசியில் 'முடிவுரை', அதில் தவறாமல் ஒரு 'காப்போம்' அல்லது ஒரு 'உறுதியேற்போம்'. வினாத்தாளிலேயே குறிப்புச் சட்டகம் ஒன்றைக் கட்டம் கட்டிக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது வேலை இன்னும் எளிது. கொடுத்த தலைப்புகளை வரிசை மாறாமல் எடுத்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் மனப்பாடம் செய்ததை இறக்கிவைத்தால் போதும்.

சட்டகமே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் யாரும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்திராத பிள்ளைக்கு அது முதல் பிடிமானம். ஆறாம் வகுப்பில் அது தேவை. பன்னிரண்டாம் வகுப்பிலும், அதைத் தாண்டிக் கல்லூரியிலும் அதே பிடிமானத்தோடு பிள்ளைகள் நிற்பதுதான் எனக்கு வேதனை. எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் வைப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதில்தான் எழுதுகிறவருடைய அறிவு வேலை செய்கிறது. அந்த வேலையைச் சட்டகம் போட்டவர் முன்பே செய்து முடித்துவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சியது நிரப்புவது மட்டும்.

'நீர் மேலாண்மை' என்ற கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். நீரின் இன்றியமையாமை, நீர் மாசுபாடு, மழைநீர் சேகரிப்பு, நமது கடமை என்று போகும். இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் இடம் மாற்றிப் பாருங்கள். கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பத்தியையே எடுத்துவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். இடம் மாறினாலும் குலையாத பத்திகளுக்குள் உறவு ஏதும் இல்லை என்றுதான் பொருள்.

அதே பிள்ளையைப் பார்த்து, "உங்க ஊர் ஏரி ஏன் ரொம்பல?" என்று கேளுங்கள். "மழை நல்லாத்தான் சார் பெஞ்சுது. வரத்துக் கால்வாய்ல மண்ணு மேடாயிடுச்சு, சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு. தண்ணி ஏரிக்கு வந்து சேரல" என்று தொடங்குவார். ஏரி நிரம்பாததால் கலங்கல் வழிந்து பல வருடமாயிற்று. மதகைத் திறந்தாலும் கடைசி வயல் வரைக்கும் நீர் எட்டுவதில்லை. ஏரியில் நீர் நின்றால் கீழே கிணறுகள் ஊறும். அது நிற்காததால் கிணறும் இறங்கிவிட்டது. கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், அதுவும் ஏமாற்றியது. அண்ணன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது இதில் எதையாவது இடம் மாற்ற முடியுமா? ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது. பேச்சில் இவ்வளவு ஒழுங்கு வைத்திருக்கும் பிள்ளையிடம், பேனாவைக் கொடுத்ததும் அந்த ஒழுங்கு தொலைந்துவிடுகிறது. சிந்திக்கத் தெரியாததால் வந்த குறை இல்லை இது. தன் சிந்தனைக்குக் கட்டுரைத்தாளில் இடம் இல்லை என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டது.

இங்கே ஆசிரியர் இன்னொரு படி மேலே அழைத்துப்போகலாம். மழையிலிருந்து தொடங்கி, நீர் போகிற வழியிலேயே போய் அண்ணனிடம் முடிக்கலாம். அல்லது திருப்பூரிலிருக்கும் அண்ணனிடம் தொடங்கி, அவர் ஏன் போனார் என்று பின்னோக்கி ஏறி, மண்மேடிட்ட கால்வாயில் முடிக்கலாம். தகவல்கள் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் முதல் கட்டுரை ஒரு குடும்பத்தின் துயரத்தில் நிறுத்தும். இரண்டாவது, தூர்வார வேண்டியது யார் என்ற கேள்வியில் நிறுத்தும். வரிசையைத் தேர்ந்தெடுக்கும்போதே, தான் என்ன சொல்ல வந்தோம் என்பதை அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்துவிடுகிறது.

நம் முன்னோர் இதில் காட்டிய அக்கறை அசாதாரணமானது. தொல்காப்பியம் நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்று நான்காக்கி, ஓரினமான மணிகளை நிரலாக வைத்ததுபோல் ஓரினப் பொருளை ஒருங்கே வைப்பது ஓத்து என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் இருக்க வேண்டிய அழகுகள் பத்தையும் சொல்கிறது. அழகுகளில் ஒன்று 'முறையின் வைப்பு'. குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' உண்டு, 'சென்று தேய்ந்து இறுதல்' உண்டு. எடுத்த எடுப்பில் வேகமாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிகிற கட்டுரையை நான்கு பக்க விடைத்தாளில் பார்க்கிறோமே, அதற்குத்தான் அந்தப் பெயர். திருத்துகிற ஆசிரியர் 'சரியில்லை' என்று எழுதுவதற்குப் பதில் இந்தப் பெயரை எழுதினால், பிழை எங்கே என்று மாணவருக்குப் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் பரிமேலழகர் நடத்துவது. திருக்குறள் உரையில் ஓர் அதிகாரத்துக்குள் நுழையும்போதே, இது எதனால் முந்தைய அதிகாரத்தின் பின் வைக்கப்பட்டது என்று காரணம் சொல்கிறார். விருந்தோம்பலுக்குப் பின் ஏன் இனியவை கூறல்? விருந்து ஓம்புகிறவர்க்கு இன்சொல் இல்லாமல் தீராது, அதனால் என்கிறார். 133 அதிகாரமும் அவர் கண்ணில் ஒரே தொடர். அதிகாரத்துக்குள்ளும் குறள்களை ஒரு முறைப்படி நிறுத்துகிறார். அவருக்கு முற்பட்ட உரையாசிரியர் மணக்குடவரின் வரிசை பல இடங்களில் வேறு. இன்று நாம் குறளுக்குச் சொல்லும் எண் பரிமேலழகர் வரிசைப்படி அமைந்தது. பேரறிஞர்கள் இருவர் ஒரே பத்துக் குறளை வெவ்வேறாக நிறுத்த முடிந்தது என்றால், சரியான வரிசை ஒன்றே ஒன்றுதான் என்று வகுப்பில் அடம்பிடிக்க நமக்கு என்ன உரிமை? காரணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கலாம். அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

முன்னுரை விஷயத்திலும் நன்னூல் நமக்கு வழிகாட்டுகிறது. எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலாகாது என்று கண்டிப்பாகச் சொல்கிற அதே நூல், சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர்களாக நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுந்த உரைகாரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. நூல் முழுவதையும் படித்தறிந்த இன்னொருவர் செய்வது அது. முதலில் நிற்கிறது, ஆனால் கடைசியில் பிறக்கிறது. நாமோ பிள்ளையிடம், இன்னும் யோசிக்காத கட்டுரைக்கு முதல் நிமிடத்திலேயே முன்னுரை கேட்கிறோம். அதனால்தான் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் ஐந்து வரிகள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வகுப்பில் எழுதும்போதாவது மேலே இடம் விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கச் சொல்லலாம். பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் 'கேட்போர்' என்பதும் ஒன்று. யாருக்காக எழுதுகிறோம் என்று எந்தப் பள்ளிக் கட்டுரையிலும் நாம் கேட்டதாகத் தெரியவில்லை.

வரிசையை யோசித்துப் பழகப் பெரிய கருவிகள் வேண்டாம். பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்துத் துண்டுச் சீட்டுகளாக்கி, சீட்டுக்கு ஒரு செய்தி என்று எழுதச் சொல்லுங்கள். தரையில் பரப்பி, நான்கு பேர் உட்கார்ந்து அடுக்கட்டும். சண்டை வரும், வரட்டும். "இதை ஏன் இங்க வச்சே?" என்று ஒருவரை ஒருவர் கேட்கும் அந்தச் சண்டைதான் பாடம். எங்கும் ஒட்டாத சீட்டு ஒன்று மிஞ்சும். அதை விட்டுவிட மனம் வராமல் தவிப்பார்கள். விடக் கற்றுக்கொள்வார்கள். வேறு சில இடங்களில் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே பள்ளம் தெரியும். ஏரி நிரம்பவில்லை, கிணறு வற்றியது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தெரியாது. அன்று மாலை, சீட்டை எழுதிய பிள்ளை தாத்தாவிடம் கேட்கும். தனக்குத் தெரியாதது எது என்பதை அடுக்கிப் பார்க்கும்போதுதான் மனம் கண்டுபிடிக்கிறது.

இதனால்தான் 'ஆகவே', 'ஆனால்', 'இருந்தபோதிலும்' போன்ற இணைப்புச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்விப்பதை நான் ஏற்பதில்லை. 'ஆகவே' என்று எழுதுகிறவர், மேலே சொன்னது கீழே சொல்வதற்குக் காரணம் என்று வாக்குக் கொடுக்கிறார். காரணம் இல்லாத இடத்தில் அதைத் தூவினால் அது பொய். அப்படித் தூவிப் பழகிய மாணவர் நாளை வாக்காளராகிறார். மேடையில் ஒருவர் தொடர்பில்லாத இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்து ஒன்றால்தான் மற்றது வந்தது என்று முழங்கும்போதும், கைப்பேசியில் வரும் ஒரு செய்தி அதையே செய்யும்போதும், நடுவிலுள்ள பள்ளம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. தன் எண்ணங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பழகியவரை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. கட்டுரை வகுப்புக்கு நான் இத்தனை முக்கியத்துவம் கொடுப்பது இதற்காகத்தான். மதிப்பெண் அதற்குப் பிறகு வருவது.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்டுரை நோட்டுத் திருத்தும்போது எழுத்துப்பிழைகளைச் சுழிப்பதோடு நிறுத்தாமல், ஏதேனும் ஒரு பத்தியின் ஓரத்தில் 'இது ஏன் இதற்குப் பின்?' என்று எழுதி, கீழே இரண்டு வரி இடம் விட்டுத் திருப்பிக் கொடுங்கள். மாணவர் எழுதித் தரும் பதிலுக்கும் மதிப்பெண் போடுங்கள்.